பூ அல்லாத பொருள்

நான் ஆகாயத்தில் இருந்து இதுவரை விழுந்ததில்லை. ஊஞ்சலில் இருந்து இறங்கி, நேராக நடந்து, என் அக்காவின் ஓணப் பூக்களத்தில், அதாவது பூக்கோலத்தில், போய் விழுந்திருக்கிறேன். ஆகாயத்தில் இருந்து விழுந்திருந்தால் பார்க்க ஆள் இருந்திருக்காது. இதற்கு ஊரே சாட்சி. வீடியோவும் உண்டு (மூன்று கோணங்களில்).

கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவது ஒரு நர்ஸ் வீட்டு ஓட்டின் மேல்தான் விழும். எங்கள் வீட்டு ஓட்டுக்குக் கீழே இருந்த நர்ஸ் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆசுபத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அங்கே கடை திறக்காது, ரோட்டில் ஆள் நடக்காது, மணி மட்டும் அடிக்கும். ஆசுபத்திரிக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் மட்டும் கொஞ்சம் மனித நடமாட்டம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். கிளைடர் கிளப். எஞ்சின் இல்லாத விமானத்தைக் கம்பி கட்டி இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். பிறகு காற்றும் கடவுளும் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு அம்மா எனக்கு ஆப்பிள் கேக் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அந்தக் கேக்குக்காகத்தான் சேர்ந்தேன் என்பதை இன்றுவரை கிளப்பில் சொன்னதில்லை.

வீட்டுக்கு போனில் சொன்னேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. என் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அதிகாலையில் தனியாக மரங்களோடு மட்டும் இருந்துவிட்டு வருவதால், டீக்கடைக்கு வரும்போது அவரிடம் பேச்சு நிறையச் சேர்ந்திருக்கும். "கிளைடர் படிக்கிறேன்" என்று நான் சொன்னது, முதல் டீயில் "மகன் பிளேன் படிக்கிறான்" ஆனது. இரண்டாவது டீயில் "பிளேன் ஓட்டுகிறான்". அந்த மாத முடிவில், ஜெர்மனியில் நோயாளிகளை நானே பிளேனில் தூக்கிக்கொண்டு வந்து, நானே ஊசி போட்டு, நானே திரும்பக் கொண்டுபோய் விடுவதாக ஊரில் பேச்சு. நானும் மறுக்கவில்லை. மறுக்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் சிரித்துவைத்தேன்.

உண்மை நிலவரம் வேறு. தனியாகப் பறக்க விடுவதற்கு முன்னால் ஒரு பாடம் உண்டு. ஸ்பின். கிளைடரின் வேகம் ரொம்பக் குறைந்து, இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போனால், ஒரு பக்கம் சரிந்து, மூக்கு கீழே பார்க்க, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். அதில் இருந்து வெளியே வர வழி இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் காலால் பெடலை முழுக்க மிதிக்க வேண்டும். அது வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும். ஒரு கணம் பொறுக்க வேண்டும். பிறகு கையில் உள்ள ஸ்டிக்கை மெதுவாக முன்னால் தள்ள வேண்டும். சுற்றல் நின்ற உடனே காலை நடுவுக்குக் கொண்டுவந்து, பதமாக மூக்கைத் தூக்கினால் முடிந்தது. நாலு வரி. மனப்பாடம் செய்ய ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

கஷ்டம் என்னவென்றால், பூமி சுற்றிக்கொண்டு மேலே வரும்போது மனுஷனின் கை ஸ்டிக்கை முன்னால் தள்ளாது. தன் பக்கம் இழுக்கும். இழுக்க இழுக்கச் சுற்றல் நிற்கவே நிற்காது. என் முதல் ஸ்பின்னில் நான் பெடலில் இருந்து காலை எடுத்து மடக்கிக்கொண்டு, ஸ்டிக்கை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். பின் இருக்கையில் இருந்த என் வாத்தியார் யூர்கன் என் பிடியோடு மல்லுக்கட்டி விமானத்தை மீட்டார். கீழே இறங்கியதும் கோபிக்கவில்லை. "லீவுக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா? தினமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இந்த நாலையும் செய்து பழகு. வந்ததும் மறுபடி பார்ப்போம். அதிலும் சரியாகாவிட்டால் கிளைடரை மறந்துவிடலாம்" என்றார். ஆக, டீக்கடையில் ஜெர்மனியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பைலட், தோற்றுப்போய் வீட்டுப்பாடத்தோடு ஓணத்துக்கு ஊருக்கு வந்தான்.

தோற்ற கதையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சிரட்டை அகப்பையை ஸ்டிக்காக இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்து, கால், பொறு, தள்ளு என்று பழகினேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அங்கே ஆசுபத்திரியில் வேலை கூடுதலோ என்று அப்பாவிடம் கவலைப்பட்டாளாம்.

இனி என் அக்காவைச் சொல்ல வேண்டும். ஷைனி அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். உதியன்குளங்கரை ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அளவு தப்பாது, வாயும் தப்பாது. எங்கள் ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓணப் பூக்களம் அவள் பொறுப்பு. சுற்றுவட்டாரக் கிளப்புகளுக்கு இடையே போட்டி நடக்கும். முதல் பரிசு ஒரு ஏத்தன் வாழைக்குலையும் ஒரு கோப்பையும். மூன்று வருடமாகப் பக்கத்து ஊர்ப் பூவார்க்காரர்கள் முதலாவது, அக்கா இரண்டாவது. "ரெண்டாம் ஸ்தானத்துக்குக் குலை கிடையாது மக்கா, கைதட்டு மட்டும்தான் உண்டு" என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் அடங்கும்.

அந்த வருடம் விடப்போவதில்லை என்று இறங்கியிருந்தாள். தோவாளைப் பூச்சந்தையில் இருந்து செண்டுமல்லியும் வாடாமல்லியும் அரளியும் சாக்குச் சாக்காக வந்தன. திருவோணத்தன்று விடிந்ததில் இருந்து ஏழு பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் இதழ் இதழாக வைத்தார்கள். நடுவில், ஓணத்துக்கு வருடம் ஒரு முறை ஊர் பார்க்க வருகிற மாவேலி மன்னர். ஓலைக்குடை, கிரீடம், தொப்பை எல்லாம் பூவிலேயே. மீசைக்கு மட்டும் கருந்துளசி இலை. பத்தரைக்கு அக்கா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்; கல்யாணப் பிளவுஸ் முதல் தடவையிலேயே சரியாக அமைந்தால் அப்படித்தான் பார்ப்பாள். ஜட்ஜுகள் பதினொரு மணிக்கு வருவதாகச் செய்தி.

அந்த அரை மணி நேரம் சும்மா கிடந்திருக்கலாம். கிளப் செயலாளர் சஜி அண்ணன் கையில் மைக் இருந்தது. வருடா வருடம் மாவேலி வேஷம் அவருக்குத்தான் (தொப்பை சொந்தம், வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை). கிரீடமும் பட்டும் குடையுமாக நின்றுகொண்டு மைக்கில் கூப்பிட்டார்:

"நம்ம ஜெபின் பைலட்டு ஜெர்மனியில இருந்து வந்து நிக்கியான். எலே ஜெபினே, ஒண்ணு கேக்கட்டா? வானத்துல வச்சு பிளேனு கறங்கிப்போச்சுன்னா நீ என்னலே செய்வ?"

கறங்குவது என்றால் எங்கள் ஊரில் சுற்றுவது. நூறு நூற்றைம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் அப்பா, துவைத்து நீலம் போட்ட வேட்டியில், காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. மைக்கை வாங்கினேன். வாயால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் கூட தப்பித்திருப்பேன். என் நாக்கில் சனி.

"சொல்லுவதைவிடச் செய்து காட்டுகிறேன்" என்றேன்.

கிளப்பின் பக்கத்தில் பலாமரத்தில் ஓண ஊஞ்சல் கட்டியிருந்தது. இரண்டு கயிறு, ஒரு பலகை. நான் அதில் உட்கார்ந்து, கயிற்றுக்கு உள்ளே முழங்கையைக் கோத்துக்கொண்டு, ஸ்டிக்குக்கு ஏதாவது வேண்டும் என்றேன். பாயச உருளியில் இருந்து அகப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். அடைப்பிரதமன் சொட்டச் சொட்ட வந்தது. மூன்று பேர் சேர்ந்து பலகையைப் பிடித்துத் திருகினார்கள். கயிறு முறுக முறுக, பலகை என்னையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது.

"போதுமாலே?" என்றார் சஜி அண்ணன்.

"பைலட்டுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? இன்னும் திருகுங்க" என்றேன். (ஆமாம். நான்தான் சொன்னேன். வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.)

விட்டார்கள். பலாமரம், கிளப், பூக்களம், அப்பா. பலாமரம், கிளப், பூக்களம், அப்பா. நான் மைக்கில்லாமலேயே கத்தினேன்: "இப்போது விமானம் இடதுபக்கம் சுற்றுகிறது! வலது கால்! பொறு! ஸ்டிக் முன்னால்!" வலது காலை நீட்டினேன், அகப்பையை முன்னால் தள்ளினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊஞ்சல் வேகம் குறைந்து, குறைந்து, நின்றே விட்டது. கூட்டம் கைதட்டியது. அப்பா எழுந்து நின்று, பின்னால் திரும்பி, அந்தக் கைதட்டலைத் தன் பங்குக்கு வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்த ஒரு கணம் நிஜமாகவே பெருமையாக இருந்தது. யூர்கன் பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். அகப்பையை உயர்த்தி, "இவ்வளவுதான் விஷயம்" என்று தொடங்கினேன்.

முறுக்கின கயிறு பிரிந்து வரும் வேகத்தில் மறுபக்கமாக முறுகிக்கொள்ளும், முழுக்க முறுகினதும் ஒரு கணம் நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பிச் சுற்றும். இது ஊஞ்சல் ஆடின எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஜெர்மனிக்குப் போகாதவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இவ்வளவுதான் விஷ" வரைக்கும்தான் வந்தது. பூமி எதிர்ப்பக்கம் புறப்பட்டது. நான் கற்றது எல்லாம் அந்த நிமிஷமே கழன்று விழுந்தது. வலது காலா, இடது காலா? எந்தப் பக்கம் எது? முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டேன். அகப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஜெர்மனியில் செய்த அதே மூன்று காரியம், அதே வரிசையில். உடம்பைச் சுருக்கினால் சுற்றல் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது உண்டு. அதை என் தொடை வழியாக மறுபடி படித்தேன். யாரோ "ஐயோ அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். குரல் எனக்குப் பழக்கமான குரலாக இருந்தது.

அதற்கு மேலே அக்காவின் குரல் கேட்டது.

"எலே! காலை நீட்டுலே! காலை மடக்காத! நீட்டு!"

நீட்டினேன். வேகம் தணிந்தது. பிறகு ஒரு வழியாக நின்றது. நான் கௌரவமாக இறங்கினேன். யாரும் பிடிக்க வேண்டாம் என்று கையால் தடுத்தேன். நேராக அப்பாவை நோக்கி நடந்தேன். நான் நேராகத்தான் நடந்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்யத் தயார், தரைதான் வளைந்தது. வீடியோவில் பார்த்தால் ஒரு அழகான அரைவட்டம் போட்டு, ஏழு பெண்கள் "வேண்டாம் வேண்டாம்" என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வர, அவர்கள் எல்லோரையும் தவறாமல் தாண்டி, மாவேலியின் தொப்பையில் போய் உட்காருகிறேன்.

ஜங்ஷனில் பஸ் ஹாரன் அடித்தது இங்கே வரைக்கும் கேட்டது.

எழுந்திருக்க முயன்றேன். தலை இன்னும் கறங்கிக்கொண்டிருந்ததால் மறுபடி உட்கார்ந்தேன். முதல் தடவை தப்பித்த மீசை இந்தத் தடவை போனது. பாயசம் சொட்டிய இடமெல்லாம் செண்டுமல்லி ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து கேட்டில் ஜட்ஜுகளின் ஜீப் வந்து நின்றது.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன். அவள் ஒரு தையல்காரி. தப்பாக வெட்டின துணியை எப்படி ஒப்பேற்றுவது என்றுதான் அவள் புத்தி முதலில் போகும். சஜி அண்ணன் தலையில் இருந்து கிரீடத்தைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்தாள். அவர் தோளில் இருந்த பட்டை உருவி என் மேல் போர்த்தினாள். ஓலைக்குடையை என் கையில் திணித்தாள்.

"அனங்காத இரி, அசையாத. சிரி. நீயாக்கும் மாவேலி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் சிரித்தேன். (ஒட்டின வயிறும் முகமெல்லாம் பூவுமாக அப்படி ஒரு மாவேலி அதற்கு முன்னும் பின்னும் கேரளத்தை ஆண்டதில்லை.) ஜட்ஜுகள் மூன்று பேர். மூத்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தார். குடையைப் பார்த்தார். அகப்பையைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்து, சங்கடத்தோடு மலையாளத்தில் சொன்னார்:

"பூவல்லாத்த ஒரு சாதனம் நடுக்கு இரிக்குந்நல்லோ."

பூவும் இலையும் மட்டுமே பூக்களத்தில் இருக்கலாம் என்பது போட்டி விதி. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. தாளில் எழுதினார்: 'பூ அல்லாத பொருள் ஒன்று உள்ளது. தகுதி இல்லை.' அந்த வருடமும் குலை பூவாருக்குப் போனது. இரண்டாம் இடத்துக் கைதட்டல் கூட அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் எதிரில் இருக்கும்போதே, "அம்மா, அந்தப் பொருளுக்கு மீன்கறி வேணுமாண்ணு கேளு" என்பாள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். என் மேல் கோபம் இல்லை, ரப்பர் மரங்களுக்கு மழை மறை, அந்தப் பிளாஸ்டிக் பாவாடை, கட்டுகிற வேலை இருக்கிறது என்றார். மழை மறை எல்லாம் ஆனியிலேயே கட்டி முடித்தாயிற்று என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் அக்காவின் கடைக்குப் போனேன். மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஸ்பின்னில் கண்ணை மூடிக்கொண்டது, யூர்கன் சொன்னது, திரும்பிப் போனால் கடைசி வாய்ப்பு என்பது, நினைத்தாலே உள்ளங்கை வேர்ப்பது.

மெஷின் நின்றது.

"உனக்குப் பேடியா இருந்துதா?"

"ஆமா, பயமா இருந்துது."

"பேடிச்சேண்ணு ஒரு வாக்கு முன்னமே சொல்லியிருந்தா எனக்க பூக்களம் பிழைச்சிருக்குமே, பாவி."

பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஊசியைத் துணியில் இருந்து எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து நிம்மதியாகச் சிரித்தாள். நாலு வரியையும் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, "இதென்ன பெரிய காரியம்? தைக்கச்சில நூலு சிக்கினா, புதுசா வார பிள்ளைகளும் துணியைப் பிடிச்சு இழுக்கும். இழுத்தா ஊசி ஒடியும். கையில தொடங்கப்பிடாது. முதல்ல கால். அப்புறமாக்கும் கை" என்றாள்.

மிச்சம் இருந்த பத்து நாளும் அந்த ஸ்டூல்தான் என் விமானம். அக்கா திடீரென்று "இடது!" என்பாள், நான் வலது காலை நீட்ட வேண்டும். பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர்களும் பாதி நாளில் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். நான் காலை மாற்றி நீட்டினால், முந்தானையைச் சரிசெய்துகொண்டே "தப்பு மக்கா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஜெர்மனியில் மேகம் இல்லாத ஒரு சனிக்கிழமை. யூர்கன் பின்னால். மேலே போய் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தோம். இறக்கை உதறியது, இடதுபக்கம் சரிந்தது, வயலும் சர்ச்சும் காடும் சுற்றிக்கொண்டு மேலே வந்தன. என் கை வயிற்றை நோக்கிப் புறப்பட்டதை நானே பார்த்தேன். அப்போது தொண்டை கிழியக் கத்தினேன்: "காலை நீட்டுலே!"

வலது கால் முழுக்கப் போனது. பொறுத்தேன். ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். சுற்றல் நின்றது. காலை நடுவுக்குக் கொண்டுவந்தேன் (இந்த இடத்தில் பலாமரம் ஞாபகம் வந்தது, நீட்டின காலை மறந்தால் விமானமும் மறுபக்கம் சுற்றப் புறப்படும்). பதமாக மூக்கைத் தூக்கினேன். பிறகு யூர்கன், நீ கத்தியது ஏதாவது பிரார்த்தனையா என்று கேட்டார். ஆமாம், எங்கள் ஊர்ப் பிரார்த்தனை என்றேன். அடுத்த மாதம் தனியாகப் பறந்தேன். இப்போது அந்தக் கிளப்பில் ஸ்பின் பாடத்துக்கு ஏறுகிற ஒவ்வொரு ஜெர்மன்காரனிடமும் யூர்கன் மிகுந்த பக்தியோடு "காலா நீட்டுலே" என்று சொல்லி அனுப்புகிறார்.

தனியாகப் பறந்த அன்றே வீட்டுக்கு போன் செய்தேன். அப்பா விவரம் கேட்டுக்கொண்டு, "செரி, டீக்கடை வரைக்கும் ஒண்ணு போயிட்டு வாறேன்" என்று பாதியிலேயே வைத்துவிட்டார்.

வீட்டில் என் பெயர் மட்டும் மாறிப்போனது. "பொருள் எப்ப வருது?" என்றுதான் அம்மாவே கேட்கிறாள். எனக்குப் பெண் பேசி முடித்த அன்று, பெண்ணிடம் அக்கா முதலில் காட்டியது வீடியோவைத்தான், மூன்று கோணமும். அடுத்த ஓணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் அக்காவிடம் இருந்து ஒரு படம் வந்தது. ஜட்ஜுகளின் மதிப்பெண் தாள். நிறத்துக்கு இவ்வளவு, வடிவத்துக்கு இவ்வளவு என்று அச்சடித்திருந்தது. எங்கள் கிளப்புக்கு முதல் இடம். அக்கா அந்த மார்க்கை எல்லாம் விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். அந்த வருடம்தான் புதிதாகச் சேர்த்த கட்டம். இன்றுவரை சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பஞ்சாயத்துப் பூக்களப் போட்டித் தாளிலும் இருக்கிறது.

'பூ அல்லாத பொருள்: இல்லை.'

கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஜெர்மனியிலதானே நிக்கிய? அங்கேயே நில்லு மக்கா. ஏத்தங்காய் உப்பேரி வறுத்து அனுப்பித் தாறேன்."